பட்டு நூலில் காய்த்த பேரீச்சை

இப்போதெல்லாம் நர்சரியில் செடியின் பெயரைக் கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை. போனை எடுத்து இலைக்கு நேராகக் காட்டுகிறார்கள். அது சொல்லிவிடுகிறது. செவிலிமேட்டில் நான் வேலை பார்த்த நர்சரியை இப்போது குத்தகைக்கு எடுத்து நடத்துகிற நிவேதா, விவசாயக் கல்லூரியில் படித்த பெண், ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"போன் இல்லாத காலத்துல செடிங்க பேரெல்லாம் எப்டிண்ணா கண்டுபுடிச்சீங்க?"

"முதலாளி வாய்ல இன்னா வருதோ அதாம்மா பேரு" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். இல்லை என்று விளக்கப் போய், மதியச் சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்குப் பேச்சு நீண்டது. முக்கியமான கதைக்கு வருவதற்குள் வேலை வந்துவிட்டது, மீதியை எழுதிக் கொடுங்கள் என்றாள். என் படிப்பு தென்னேரியில் ஏழாம் வகுப்போடு நின்றது. வாத்தியார் அடித்ததால் நிற்கவில்லை. ஏரிக்கரையில் ஒரு லாரி நின்றது, கிளீனர் வேண்டும் என்றார்கள், ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் எந்த ஊரிலும் ஒரு மழைக்காலம் முழுதாக இருந்ததில்லை. ஆந்திராவில் கடியம் பக்கம் பூச்செடித் தொட்டிகளை லாரியில் ஏற்றினேன். மலபாரில் ரோடு போட்டேன். அங்கே ஒரு மழையில் வேலை நின்று, சோறும் நின்றது. காட்டோரம் பனைபோல ஒரு மரத்தில் செங்காய்கள் தொங்கின. அறுத்து, உள்ளே இருந்த பருப்பைத் தின்றேன். அன்று பூராவும் வாந்தி. எழுந்து உட்கார முடியவில்லை. பக்கத்துக் குடிசைக்கார அம்மா பார்த்துவிட்டுத் திட்டினார். அது ஈந்து, நறுக்கிக் காயவைத்து, ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டி, விஷம் போன பிறகுதான் மாவாக்க வேண்டும் என்று சொன்னார். பிறகு அவரே அந்த மாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

கடியத்திலிருந்து செடி ஏற்றி வந்த ஒரு லாரி காஞ்சிபுரம் செவிலிமேட்டில் கோதண்டம் முதலாளியின் நர்சரியில் இறக்கியது. செடிகளோடு நானும் இறங்கினேன். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான். என் முட்டி தேயும் வரை அங்கேயே இருந்தேன்.

கோதண்டம் முதலாளி நெசவுக் குடும்பம். தறிக்குழியில் உட்கார்ந்து முதுகு போய்விட்டதால், நிற்கிற வேலை வேண்டும் என்று நர்சரி வைத்தவர். தோளில் துண்டு, கையில் தண்ணீர்க் குழாய். வாடிக்கையாளர் வந்தால் திரும்ப மாட்டார். அவர்கள் "இது இன்னா செடி?" என்று கேட்ட பிறகுதான் திரும்புவார். முகத்தைப் பார்க்க மாட்டார். நெற்றியைப் பார்ப்பார், பிறகு கழுத்தை. அதற்குப் பிறகுதான் பெயர் வரும்.

நர்சரி வாசலில் சைகஸ் வரிசையாக வைத்திருப்போம். ஜப்பான் பக்கத்துச் செடி. குட்டையான தடித்த அடிமரம், மேலே விசிறிபோலக் கரும்பச்சை ஓலைகள். பார்க்கிறவர்கள் பனை என்பார்கள், ஈச்சை என்பார்கள். இரண்டும் இல்லை. அது பனை தோன்றுவதற்கு முன்பே பூமியில் இருந்த வேறு குலம். முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

"குருத்தப் பாரு மணி. பனைன்னா ஒண்ணொண்ணா ஈட்டி மாதிரி வரும். இது ஒரு வட்டம் பூரா ஒரேயடியா கெளம்பும். சின்ன இலைங்க கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டிக்கினு வரும், அப்பறமா விரியும். முத்துன இலைய விரலால தடவு. ஓரம் கீழ்ப்பக்கமா மடிஞ்சிருக்குதா? நடுவுல ஒரே ஒரு நரம்புதான் இருக்குதா? சைகஸ். ஈச்சைன்னா இலை மேல்பக்கமா படகு மாதிரி மடிஞ்சிருக்கும்."

இவ்வளவு துல்லியமாகச் சொன்ன மனிதர், வாங்க வந்தவரிடம் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. சைகஸ் என்றால் சைக்கிள் மாதிரி இருக்கிறது, யார் வாங்குவார்கள் என்பார்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ரங்காச்சாரி சாமி வந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நெற்றியில் நாமம். முதலாளி ஓலையை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினார். "கருடப் பனை சாமி. இறக்கையப் பாருங்க." சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்கிப் போனார்.

அடுத்து ஜெயசீலன் சார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், சர்ச் கமிட்டியில் இருப்பவர். கழுத்தில் சிலுவை. "குருத்தோலைப் பனை சார். குருத்தோலை ஞாயித்துக்கெழம பவனிக்குத் தென்னங்குருத்து தேடி அலையவே வேணாம்." சர்ச் தோட்டத்துக்கு ஒன்று போனது.

பிறகு இஸ்மாயில் பாய். பட்டு நூல் வியாபாரம். அவர்கள் குடும்பம் நவாப் காலத்திலிருந்து இந்த ஊரில் இருக்கிறது. செவிலிமேட்டில் அப்போதுதான் புதுவீடு கட்டியிருந்தார். "அரபு நாட்டுப் பேரீச்சை பாய். மெதுவாத்தான் வளரும். காச்சிதுன்னா பரக்கத்து, வீடு செழிக்கும்."

"காய்க்குமா?"

"அது அவன் கையில இருக்குது பாய்" என்று முதலாளி வானத்தைக் காட்டினார். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் பொய் இல்லை.

எனக்கு இதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றினால் எந்தப் பெயரிலும் வளருகிறது. பூந்தோட்டத்தில் அழகுக்கு நிற்கிற செடி, யாரை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். முதலாளிக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. "இந்த மூணு பேரும் ஒரே எடத்துல நிக்கக் கூடாது மணி" என்பார். கல்யாண மண்டபத்தில் இரண்டு பேரைச் சேர்த்துப் பார்த்தாலே பந்திக்கு உட்காராமல் வந்துவிடுவார்.

வருடங்கள் ஓடின. ஒரு கோடையில் பாய் வீட்டுச் சைகஸின் உச்சியில், ஓலைகளுக்கு நடுவே, பழுப்பு நிறத்தில் கம்பளிக் குல்லா போல ஒன்று கிளம்பியது. சைகஸில் ஆண் வேறு மரம், பெண் வேறு மரம். இந்தக் குல்லா பெண்ணுடையது. பாய் தன் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி துபாயில் பேரீச்சம்பழப் பெட்டி அடுக்குகிற வேலை பார்த்தவர். மரத்தைப் பார்த்தவரில்லை, பெட்டியைத்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் விஷயம் கேள்விப்பட்டிருந்தார். பேரீச்சைக்கு ஆண் பூவின் பொடியைக் கொண்டுவந்து கையால் தூவ வேண்டும், இல்லாவிட்டால் காய்க்காது என்றார்.

பாய் நர்சரிக்கு வந்து நின்றார். "ஆம்பள மரம் எங்க கெடைக்கும் கோதண்டம்?"

முதலாளி குழாயைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தார். தண்ணீர் பாயின் செருப்பை நனைத்தது. "சர்ச்சுல இருக்குது பாய்" என்றார். "அது குருத்தோலைப் பனை. பேரீச்சைக்குப் பங்காளி. ஒத்துப் போவும்."

சர்ச் தோட்டத்து மரம் உண்மையாகவே ஆண். அந்தக் கோடையில் அதன் உச்சியில் பெரிய மக்காச்சோளக் கதிர் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அழுகப் போகிற பழத்தின் வாசனை. என்னைத்தான் அனுப்பினார்கள். ஜெயசீலன் சார் ஏணியைப் பிடித்துக்கொள்ள, கதிரைத் தட்டிப் பழைய பவுடர் டப்பாவில் மஞ்சள் பொடியைப் பிடித்தேன். சைக்கிளில் செவிலிமேட்டுக்கு வந்து, பாயின் மனைவி கொடுத்த பவுடர் பஞ்சால் அந்தக் குல்லாவின் இடுக்கெல்லாம் ஒற்றினேன். மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்வது போல இருந்தது. பாய் பின்னாலேயே நின்று, "கன்னத்துல நல்லா போடுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று முதல் ஜெயசீலன் சாரை "சம்பந்தி" என்றுதான் கூப்பிட்டார்.

காய்த்தது. குல்லா மெல்ல விரிந்து, கை விரித்தது போன்ற பழுப்புத் தோகைகளின் ஓரத்தில் காய்கள் பருத்தன. ரம்ஜான் மாதம் வந்தபோது செக்கச் செவேலென்று இருந்தன. அளவும் பேரீச்சை அளவு. ஏணியில் ஏறி ஒரு காயைத் திருப்பிப் பார்த்தேன். மலபார் மழையில் நான் தின்ற ஈந்துக் காயும் இதே செம்மைதான், இதே குலத்துக் காய்தான்.

பாய் கீழேயிருந்து சொன்னார்: "வர்ற வெள்ளிக்கெழம நோன்ப இந்தப் பழத்துலதான் தொறக்கப் போறோம் மணி. சம்பந்தியக் கூப்பிட்டுட்டேன். எனக்குக் கணக்கு எடுத்த ரங்காச்சாரி சாமிகிட்டயும் சொல்லிட்டேன். பழந்தானே, தோஷமில்லன்னுட்டாரு. நீயும் கோதண்டமும் வந்துடணும்."

நர்சரிக்கு ஓடி வந்து முதலாளியிடம் சொன்னேன். ஈந்துக் கதையையும் சொன்னேன். முதலில் அவர் முகம் மாறியது விஷத்துக்காகவா, மூன்று பேரும் ஒரே இடத்தில் நிற்கப்போவதற்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"போய் சொல்லிடலாம் மொதலாளி."

"இன்னான்னு சொல்றது? இவ்ளோ வருஷமா உனுக்கு வேற செடிய வித்தேன்னா?"

"ஆளுங்க செத்துட்டா?"

அவர் குழாயைக் கீழே போட்டார். அவர் குழாயைக் கீழே போட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வீட்டுக்குள் போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டு நூல். "மார்க்கெட்டுக்குப் போய் நல்ல பேரீச்சம்பழமா வாங்கியா" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம். பாய் தொழுகைக்குப் போய்விட்டுக் கடையில் இருந்தார். அவர் மனைவி நோன்புக் களைப்பில் உள்ளே படுத்திருந்தார். உரம் வைக்க வந்தோம் என்று சொல்லிவிட்டு ஏணி போட்டோம். நான் ஒவ்வொரு செங்காயாக அறுத்துச் சாக்கில் போட்டேன். அது இருந்த இடத்தில் முதலாளி ஒரு பேரீச்சம்பழத்தை வைத்து நூலால் கட்டினார். அவர் கை தறியில் பழகிய கை. அறுந்த பாவு நூலை இணைக்கிற சின்ன முடிச்சு, கண்ணுக்கே தெரியாது. என் கை தார்ப்பாய் கட்டிய கை. என் முடிச்சு ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு இருந்தது. ஓலைக் காம்பின் முள் குத்தி இரண்டு பேருக்கும் ரத்தம் வந்தது.

"இப்ப யாராவது நம்பள பாத்தா இன்னா சொல்லுவாங்க மொதலாளி?"

"அறுவடைய உல்டாவா பண்றோம்னு சொல்லுவாங்க. பேசாம கட்றா."

முடித்துவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தோம். உண்மையாகவே பேரீச்சை காய்த்த மரம் போலத்தான் இருந்தது. முதலாளி தலையைச் சாய்த்து ரசித்தார். "நல்ல ஜாதி" என்றார்.

மாலையில் பாய் வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "காலைல செங்காயா இருந்துச்சு. சாயந்தரம் கனிஞ்சிடுச்சு பாருப்பா. சுப்ஹானல்லாஹ்!" மரத்தடியில் கோரைப்பாய் விரித்து, நோன்புக் கஞ்சியும் வடையும் வைத்திருந்தார்கள். ஜெயசீலன் சார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். ரங்காச்சாரி சாமி தனி நாற்காலியில் மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "எங்காத்துல இருக்கிற கருடப் பனை மாதிரியே இருக்கு. சித்தப்பா பிள்ளையா இருக்கும்" என்றார். "எங்க சர்ச்சுல இருக்கறதும் இதே ஜாடைதான் சாமி" என்றார் ஜெயசீலன் சார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது பாயின் மனைவி உள்ளேயிருந்து ஒரு வெள்ளித்தட்டைக் கொடுத்தனுப்பினார். அதில் செக்கச் செவேலென்று காய்கள்.

"காலைலயே மொதப் பறிப்பு எடுத்து வெச்சுட்டா" என்றார் பாய். "விருந்தாளிக்குன்னு. தொடச்சித் தொடச்சி ஃபிரிட்ஜுல வெச்சிருந்தா."

நாங்கள் ரத்தம் சிந்திக் கட்டிய அத்தனையும் மேலே தொங்கிக்கொண்டிருக்க, விஷம் தட்டில் வந்து உட்கார்ந்தது. பாய் தன் கையாலேயே ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஜெயசீலன் சாரின் கை வாய்க்குப் போனது.

நான் தட்டிவிட்டேன். காய் உருண்டு சாமியின் நாற்காலிக்குக் கீழே போனது.

"வாயில வெக்காதீங்க! இது பேரீச்சை இல்ல. வெஷம்!"

பாய் கையிலிருந்த காயைத் தட்டில் திரும்ப வைத்தார். நோன்பு திறப்பதைத் தள்ளிப்போட முடியாது. எழுந்தார், எக்கிக் கையை நீட்டி மரத்தின் விளிம்பில் தொங்கிய ஒரு பழத்தைப் பறித்தார், பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போட்டு மென்றார்.

"தேன் மாதிரி இருக்குது" என்றார். என்னைப் பார்த்தார். "இதுவாப்பா வெஷம்?"

"அது இல்ல பாய். அது பேரீச்சை."

"அப்ப தட்டுல இருக்கறது?"

"அது பேரீச்சை இல்ல."

"ரெண்டும் ஒரே மரந்தானே?"

"ஆமா பாய்."

"காலைலருந்து வெயில்ல நின்னிருப்பான்" என்றார் ஜெயசீலன் சார், கையைத் தேய்த்துக்கொண்டே. "தலைல தண்ணி ஊத்துங்க."

ரங்காச்சாரி சாமி கணக்கு வாத்தியார் அல்லவா, நிதானமாகக் கேட்டார். "ஒரே மரத்துல விஷமும் அமிர்தமும் வருதுங்கிறியா? இது என்ன பாற்கடலா?"

வாழ்நாளில் ஒருமுறை உண்மையைக் கத்திச் சொன்னேன். என் கையால் கட்டிய பழமே அதைப் பொய்யாக்கிவிட்டது. பாய் இன்னொரு பழம் பறித்துச் சம்பந்திக்குக் கொடுத்தார். பிறகு தட்டை மறுபடி எடுத்தார். "செங்காய் கொஞ்சம் தொவர்க்கும், அவ்ளோதான்" என்று ஒன்றை எடுத்தவர், எடுத்த கையோடு நின்றார். மெல்லுவதும் நின்றது. வாயில் இரண்டு விரலை விட்டு இழுத்தார். சிவப்பாக, ஒரு முழத்துக்கும் குறையாமல், பட்டு நூல் வந்தது.

அதைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விரலால் நீவினார். "ரெண்டு இழை முறுக்கு" என்றார். "எங்கடைச் சரக்கு."

அதன் பிறகு அவர் செய்ததை நான் மறக்க முடியாது. சுவரோரம் கிடந்த எங்கள் ஏணியை மரத்தில் சாய்த்து ஏறினார். ஓலைகளை விலக்கி, பழங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "இது நெய்யறவன் போட்ட முடிச்சு" என்று சொல்லி முதலாளியைப் பார்த்தார். அடுத்ததைத் திருப்பினார். "இது தார்ப்பாய் கட்றவன் முடிச்சு." என்னைப் பார்த்தார். போன் இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நிவேதா கேட்டாளே, இப்படித்தான்.

இறங்கி வந்து முதலாளி முன்னால் உட்கார்ந்தார். குரல் உயரவில்லை.

"இது இன்னா மரம் கோதண்டம்?"

"சைகஸ் பாய்." வாங்கியவர் ஒருவரிடம் அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"எங்காத்துல இருக்கிறது?" என்றார் சாமி.

"சைகஸ்."

"சர்ச்சுல?"

"அதுவும் சைகஸ்தான் சார்."

"எம் பொண்டாட்டி ஒவ்வொரு காயா தொடச்சி வெச்சா" என்றார் பாய். "எங்கையால இவங்களுக்குக் குடுத்தேன். எங்கையால."

முதலாளி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அதுக்குத்தான் பாய் கட்னோம்."

"வந்து சொல்லாம, கட்னியா?"

"சொல்றது கஷ்டம் பாய். கட்றது கொஞ்சம் சுலபமா இருந்துச்சு."

கஞ்சியில் ஆடை படிந்தது. பாயின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. முதலில் அவருக்கே பிடிக்காத சிரிப்பாக வந்தது, பிறகு அடக்க முடியவில்லை. ஜெயசீலன் சாரும் சேர்ந்துகொண்டார். சாமி மட்டும் சிரிக்கவில்லை. "உங்களோடது எதுவா வேணா இருக்கட்டும். எங்காத்துல இருக்கிறது கருடப் பனைதான்" என்று சொல்லிவிட்டு, மரத்திலிருந்து ஒரு பழம் கேட்டு வாங்கி, நூலைப் பிரித்துச் சாப்பிட்டார்.

தட்டிலிருந்த காய்களை நான் ஆழக் குழி தோண்டிப் புதைத்தேன். கிளம்பும்போது பாய் முதலாளியைக் கூப்பிட்டார்.

"எங்கூட்டு மரத்துல பேரீச்சை காச்சிருக்குதுன்னு ஊரு பூரா சொல்லிட்டேன். என்னைப் பொய்யனாக்காத. ஒவ்வொரு நோன்புக்கும் வந்து கட்டு."

கட்டினோம். அந்த மரம் எல்லா வருடமும் காய்ப்பதில்லை. காய்த்த வருடம் பிஞ்சிலேயே அறுத்துவிடுவேன். பேரீச்சை மட்டும் ஒரு ரம்ஜானும் தவறியதில்லை. முதலாளி போன பிறகு நான் மட்டும் ஏறினேன். அவர் முடிச்சை எவ்வளவு பழகியும் எனக்கு வரவில்லை. இப்போது முட்டி மடங்குவதில்லை. இந்த வருடம் பாயே ஏறினார், இந்த வயதில். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து நூலை அளவாக நறுக்கிக் கொடுத்தேன்.

நோன்பு திறக்க நிவேதாவையும் அழைத்திருந்தார்கள். வந்ததும் மரத்தடியில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு ஓலையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். ஓர் இலையின் ஓரத்தை விரலால் தடவினாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இலைய பாத்தா சைகஸ் மாதிரி இருக்குது. போன் பேரீச்சைன்னு சொல்லுது."

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"பாங்கு சொல்லட்டும்மா" என்றேன். "ஒண்ணு பறிச்சுத் தின்னு பாத்துட்டு நீயே சொல்லு. நூல மட்டும் துப்பிடு."